குரங்காய் முடிந்தால் முடியட்டும்: ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓவியம் கற்றுத்தரும் ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் வகுப்பில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். புதுத் தாளை எடுத்துப் பலகையில் கிளிப் போட்டு மாட்டியாயிற்று. பென்சிலைச் சீவுகிறார். கூராகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இன்னொரு முறை சீவுகிறார். தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிறார். நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பக்கத்தில் இருப்பவர் எதுவரை வந்திருக்கிறார் என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை. கால் மணி நேரம் கழித்து நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது, தாளின் ஒரு மூலையில், ஊதினால் பறந்துவிடும் போல நாலு மெல்லிய கோடுகள் இருக்கும். அதிலும் இரண்டை ரப்பர் தின்றிருக்கும்.

அது நான்தான். சின்ன வயதில் நாலு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நல்ல மனிதர், பொறுமைசாலி. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அவர் கையில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. கோடு தடம் மாறிய இடத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவார், அவ்வளவுதான். அந்த வட்டம் இன்றைக்கு எங்கே விழும் என்று யோசித்து யோசித்தே என் கை இறுகிப்போனது. அப்புறம் வகுப்பு நின்றது, வரைவதும் நின்றது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே நாலு வருடமும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. மீசை வைத்த மீன், தொப்பி போட்ட மீன், குடை பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிற மீன். கை அங்கே எங்கும் தயங்கியதில்லை. ரப்பர் அந்தப் பக்கமே வந்ததில்லை. ஓவிய வகுப்பில் வராத கை கணக்கு நோட்டில் மட்டும் எப்படி வந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்களிடம் இப்போது கேட்கிறேன்.

இருபது வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்ததும் தற்செயல்தான். ஒரு மருத்துவமனையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கையில் ஒரு பேனாவும் பையில் ஒரு பழைய ரசீதும். எதிர் வரிசையில் இருந்தவர்களின் செருப்புகளை அந்த ரசீதின் பின்பக்கத்தில் வரைந்தேன். குப்பைக்குப் போகப்போகும் காகிதம், யார் கேட்கப் போகிறார்கள்? மூன்றாவது செருப்பு நன்றாகவே வந்தது. தேய்ந்த குதிகால், ஒரு பக்கம் பிய்ந்து நூல் தொங்கும் வார், எல்லாம் சேர்ந்து அது யாரோ ஒருவருடைய செருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து, உற்சாகத்தில் நல்ல தாளை எடுத்து அதையே பெரிதாக வரைய உட்கார்ந்தேன். பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது கை கொஞ்சம் ஓடுகிறது. அது எப்படி ஓட ஆரம்பித்தது என்று சொல்லத்தான் இந்த மடல். கூடவே ஒரு கோரிக்கை இருக்கிறது, அதை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் இருபது நிமிடத்தைக் கெடுப்பதற்கென்றே ஒதுக்குங்கள். கெட்டுப்போவதற்கென்றே தாள், கெட்டுப்போவதற்கென்றே படம். மதிப்பெண் கிடையாது, சுவரில் மாட்டுவது கிடையாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதும் கிடையாது.

உங்களுக்கு உடனே என்ன தோன்றும் என்று தெரியும். அடிப்படையே வராதவனுக்கு விளையாட்டு எதற்கு? முதலில் கோடு வரட்டும், வட்டம் வரட்டும், அளவு பிடிபடட்டும். கை படிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்ற வரி ஒரு முறையாவது ஒலிக்காத ஓவிய வகுப்பு இருக்க முடியாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் என்ற சொல்லில் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். திரும்பத் திரும்பச் செய்வதும் பழக்கம்தான், ஒருவரோடு பேசிச் சிரித்து நெருங்குவதும் பழக்கம்தான். 'அவரோடு எனக்கு நல்ல பழக்கம்' என்றால் அவரை நூறு முறை நகலெடுத்தேன் என்றா அர்த்தம்? பென்சிலோடு எனக்கு அந்த இரண்டாவது வகைப் பழக்கம் வாய்க்கவே இல்லை. நாலு வருடம் ஒன்றாக இருந்தும் மரியாதையாக விலகியே நின்றோம்.

கரித்துண்டைப் படுக்கவைத்து இழுத்தால் எவ்வளவு அகலம் வரும், பிரஷ்ஷின் பின்முனையை மையில் தொட்டுக் கீறினால் எப்படிப்பட்ட கோடு விழும், ஈரத் தாளில் நீலம் எவ்வளவு தூரம் ஓடி எங்கே நிற்கும் என்பதெல்லாம் 'சரியான' படம் வரையும்போது தெரிய வழியே இல்லை. சரியான படத்தில் இவை எல்லாம் விபத்துகள். விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கேலி பேசுகிறோமே, அந்தக் குரங்கைப் பிடித்தவனுக்கு மண் எங்கே வளையும், எங்கே விரியும் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கும். அச்சில் அமுக்கிப் பிள்ளையாரை எடுத்தவனுக்கு அதுகூடத் தெரியாது.

மதிப்பெண் வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு பழைய சோதனையின் சாட்சி இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்டது. ஒரு மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாக்களோடு விளையாட ஏற்கெனவே ஆசையாக இருந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம், படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமே கிடையாது. சில நாள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டு, யார் போய் எடுக்கிறார்கள் என்று மறைவாகக் கவனித்தார்கள். சான்றிதழுக்கு ஆசைப்பட்டு வரைந்த பிள்ளைகள், மற்ற இரண்டு பகுதியினரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். அதோடு நிற்கவில்லை. பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களுக்குத் தரமும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது.

எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். பரிசில் விஷம் இல்லை. வரையும்போதே பரிசை நினைத்துக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துபவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும். இரண்டு மணி நேரம், தலைப்பு கொடுத்து, பெற்றோர் வாசலில் நிற்க, நடுவர் நடந்துகொண்டிருக்க ஒரு குழந்தை படம் வரைகிறது. அங்கே பழகிய மலை, பழகிய சூரியன், பழகிய வீடு தவிர வேறு எதை வரைய அதற்குத் துணிச்சல் வரும்?

சரி, இருபது நிமிடம் கொடுத்தாயிற்று. அடுத்துப் பல ஆசிரியர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'இப்போது உங்கள் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் வரையுங்கள்' என்று சொல்லிவிடுவது. இறுகிய கைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எதை வேண்டுமானாலும் என்றால் எதையும் வரையத் தோன்றாது. 'லூசாக வரைங்க', 'ரிலாக்ஸா இருங்க' என்று முதுகில் தட்டுவதும் அதே ரகம்தான். தூங்கு தூங்கு என்று பக்கத்தில் நின்று சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்?

எனக்குப் பலித்தது அதற்கு நேர் எதிரான வழி. கடுமையான விதி வேண்டும். எப்படிப்பட்ட விதி என்றால், அதைக் கடைப்பிடித்தால் படம் நன்றாக வரவே முடியாது என்று முதலிலேயே தெரிந்துவிட வேண்டும். அப்போது 'நல்லா வரணுமே' என்ற பயத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. அது எழுந்து வெளியே போய்விடும். உள்ளே கண்ணும் கையும் மட்டும் மிஞ்சும்.

தாளைப் பார்க்காமல் வரைவதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலருக்கு இது தெரிந்த பயிற்சிதான். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியில் கற்பித்த கிமோன் நிக்கோலாய்டஸின் பாடமுறை, அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து 1941-ல் அச்சில் வந்தது. இந்தப் பயிற்சி பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. பென்சில் முனை தாளைத் தொடவில்லை, வரையப்படும் பொருளையே தொட்டுக்கொண்டு போகிறது என்று நம்பும்வரை காத்திருக்கச் சொல்வார் அவர். நம்பியபின் மெதுவாக நகர வேண்டும், தாளைக் குனிந்து பார்க்கக் கூடாது.

நான் முதலில் என் இடது கையை வரைந்தேன். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் ஓர் எறும்பு ஊர்ந்து போவதாக வைத்துக்கொண்டேன். எறும்பின் வேகத்தில்தான் கண் போகலாம், கண்ணின் வேகத்தில்தான் பென்சில் போகலாம். நகம் முடிந்து சதை மேலேறும் இடத்தில் எறும்பு கொஞ்சம் தடுமாறியது, பென்சிலும் தடுமாறியது. இரண்டு விரலுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கி ஏறியது. நடுநடுவே குனிந்து பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். மணிக்கட்டு வந்ததும் நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெருவிரல் மணிக்கட்டுக்குக் கீழே முளைத்திருந்தது. சுண்டுவிரல் தாளைவிட்டு வெளியேறி மேஜையில் தொடர்ந்திருந்தது. பார்க்க ஏதோ பூசணிக்கொடி போல.

ஆனால் ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் மூன்று சுருக்கங்கள் விழுந்திருந்தன. ஒன்று ஆழமாக, ஒன்று பாதியில் நின்று, மூன்றாவது முனையில் இரண்டாகப் பிரிந்து. விரலைத் தூக்கிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. நாலு வருடம் வகுப்பில் கை வரைந்தபோதெல்லாம் மூட்டுக்கு நான் போட்டது ஒரே மாதிரி இரண்டு சின்ன வளைவுகள். தாளையே பார்த்துக்கொண்டு வரைந்த காலத்தில் விரலைப் பார்க்கவே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் 'உற்றுக் கவனி' என்று ஆயிரம் முறை சொல்லியும் நடக்காத ஒன்று, ஒரு கோணல் விளையாட்டில் ஐந்து நிமிடத்தில் நடக்கிறது. பெருவிரல் தப்பான இடத்தில் முளைத்ததைச் சரிசெய்ய அளவுப் பயிற்சி இருக்கவே இருக்கிறது, அதை நீங்கள் நன்றாகவே கற்றுத்தருகிறீர்கள். அந்த மூன்றாவது சுருக்கத்தை எந்த அளவுகோலும் தராது.

மற்ற விதிகளையும் இதே உரைகல்லில் உரசிப் பாருங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்து வரைவது, இடது கையால் வரைவது, முப்பது விநாடியில் ஒரு முழு ஆளை முடிப்பது எல்லாம் ஒரே குடும்பம். முப்பது விநாடி வரைதலில் மட்டும் ஒரு சின்ன யோசனை: குறைந்தது இருபது படமாவது ஒரே மூச்சில் போட வையுங்கள். முதல் ஐந்தாறில் வரைபவர் மூக்கு, கண், விரல் என்று ஓடி, தலை முடிவதற்குள் மணி அடித்துவிடும். பத்தாவதைத் தாண்டும்போது கையே ஒரு முடிவுக்கு வந்து, முதுகெலும்பின் வளைவைத்தான் முதலில் போடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருவியை மாற்றுவதும் பெரிய விஷயம். தன் எண்பதாவது வயதை ஒட்டி ஓவியர் மத்தீஸ், பிரான்ஸின் வான்ஸ் ஊர்த் தேவாலயத்துக்கான சித்திரங்களை நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரியைக் கட்டிச் சுவரில் வரைந்து பார்த்தார். அந்தப் புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் கரியை வைத்து டேப் ஒட்டி, தாளைத் தரையில் விரித்து நின்றபடி வரைந்து பார்த்தேன். விரல்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நுணுக்கிப் பார்க்க வழியில்லை. கோடு தோளிலிருந்து வருகிறது, சில சமயம் இடுப்பிலிருந்தே வருகிறது. வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு விழும். ஆனால் நீளமான வளைவு ஒன்று இழுத்தால், உட்கார்ந்து பென்சிலைக் கவ்விப் பிடித்த நாளில் வராத ஒரு வீச்சு அதில் இருக்கும். மறுநாள் சாதாரணப் பென்சிலை எடுத்தபோது, அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கத் தோன்றியது.

வண்ணத்துக்கு வந்தால், மெழுகுவர்த்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகால் வரைந்துவிட்டு மேலே நீர்வண்ணம் பூசுவது. குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறோம். யோசித்துப் பாருங்கள், வரைந்துகொண்டிருக்கும்போது வரைவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தாளைப் பார்க்காமல் வரையும் அதே விதி, தாளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. வண்ணம் பட்டதும் நீங்கள் செய்த அத்தனையும் ஒரே வீச்சில் வெளியே வரும். திருத்த முடியாது.

அப்புறம் இரண்டே வண்ணம் என்ற விதி. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும். பன்னிரண்டு வண்ணப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இலைக்கு எந்தப் பச்சை என்று நான் தவித்த தவிப்பெல்லாம் இந்த இரண்டில் நின்றுபோனது. இலைக்குப் பச்சையே கிடையாது, தவிப்பு எதற்கு? நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு தூக்கலாக இருந்தால் சூடான சாம்பல், தண்ணீர் குறைத்துச் சேர்த்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நீலத் துகள் தாளின் சின்னச் சின்னக் குழிகளில் படிந்து, உலர்ந்தபின் பொடிமணலாகத் தெரியும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். பிரஷ் மட்டும், வரைகிற படத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும்.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. விலை உயர்ந்த, கெட்டி அட்டை போட்ட ஸ்கெட்ச்புக்கின் முதல் பக்கம்தான் உலகத்திலேயே பயங்கரமான இடம். என்னிடம் அப்படி மூன்று இருந்தன, மூன்றும் வெள்ளையாகவே பழுத்துப்போயின. கோட்டுக்கும் கரிக்கும் நியூஸ்பிரின்ட் என்ற செய்தித்தாள் காகிதம் போதும், ஒரு பக்கம் அச்சடித்த காகிதத்தின் மறுபக்கம் அதைவிட நல்லது. ஆனால் நீர்வண்ணத்தை அதில் கொடுத்துவிடாதீர்கள். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அலை அலையாகச் சுருண்டு, வண்ணம் ஓட நேரம் கொடுக்காமல் உறிஞ்சிவிடும். விளையாட்டு அங்கே விளையாட்டாக இருக்காது, வெறும் எரிச்சல்தான். அதற்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டித் தாள் வேண்டும். ஒரு தாளை நாலாக எட்டாக வெட்டிக்கொள்ளலாம், கெட்டதன் பின்பக்கத்தையும் கெடுக்கலாம்.

வெள்ளைத் தாளின் பயம் பெரிய ஆட்களையும் விட்டதில்லை. 1915-ல் கடற்படை அமைச்சர் பதவியை இழந்த வின்ஸ்டன் சர்ச்சில், அந்தக் கோடையில்தான், நாற்பது வயதில் முதன்முதலாகத் தைலவண்ணத்தில் இறங்கினார். (அவரோடு நமக்கு இருக்கும் கணக்கு வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.) வண்ணத் தட்டு தயார், கேன்வாஸ் வெள்ளையாக எதிரே நிற்கிறது, கை போகவில்லை. கடைசியில் மிகச் சின்னப் பிரஷ்ஷால் கொஞ்சம் நீலத்தைத் தொட்டு, அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு பொட்டு வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஓவியர் ஜான் லேவரியின் மனைவி ஹேசல் லேவரி, அவரும் ஓவியர். தயக்கம் எதற்கு, பெரிய பிரஷ்ஷைக் கொடுங்கள் என்று வாங்கி, டர்பன்டைனில் முக்கி, நீலத்தை அள்ளி, கேன்வாஸ் மேல் அடித்து இழுத்தார். கேன்வாஸ் திருப்பி அடிக்காது என்று அப்போதுதான் புரிந்தது, அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைக் கண்டு பயந்ததில்லை என்கிறார் சர்ச்சில். அதன்பின் நாற்பது வருடத்துக்கு மேல் வரைந்தார்.

ஹேசல் லேவரி அன்றைக்கு அவருக்கு வண்ணக் கலவையோ, தூரம் தெரிய வரையும் தூரக்காட்சியோ சொல்லித்தரவில்லை. கேன்வாஸைக் கெடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்களேன். வெள்ளைத் தாளை வெள்ளையாகவே கொடுக்காதீர்கள். கரித்தூளைத் துணியில் தொட்டு ஒரு தேய்ப்பு, அழுக்குத் தண்ணீரில் தோய்த்த பிரஷ்ஷால் ஒரு விளாசல், அப்புறம் கையில் கொடுங்கள். ஏற்கெனவே கெட்டதைக் கெடுக்க யாருக்கும் கை நடுங்காது.

இது ஒன்றும் இன்றைய புதுமையும் அல்ல. அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கிலேய ஓவிய ஆசிரியர் ஒருமுறை மாணவனுக்காக ஓர் அழுக்குக் காகிதத்தில் நிலக்காட்சி ஒன்றைக் கிறுக்கிக் காட்டினாராம். பாதி வரைந்தபின்தான், காகிதத்தில் இருந்த கறைகளே தன் கையை நடத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தார். உங்கள் தொழிலில் இருந்தவர்தானே, விடுவாரா? மையைக் கொட்டிக் கறை உண்டாக்கி, கறைக்குள்ளே மலையையும் மரத்தையும் தேடி எடுப்பதை ஒரு முறையாகவே ஆக்கி, 1780-களில் அச்சிட்டும் விட்டார். அவருக்கும் முன்னால், கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்க்கச் சொன்னவர் லியனார்டோ டா வின்சி.

தாகூரின் கதை இன்னும் நெருக்கமானது. கவிதை எழுதும்போது அடித்த சொற்களை அவர் அப்படியே விடமாட்டார். அடித்தல்களை மையால் இணைத்து இணைத்து, கையெழுத்துப் பிரதியில் அலகு நீண்ட பறவையாக, பெயர் தெரியாத விலங்காக ஆக்கிவிடுவார். 1924-ல் அவர் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது அந்தப் பக்கங்களைப் பார்த்து வியந்தவர் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ. 1930-ல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்கவும் அவர்தான் உதவினார். அப்போது தாகூருக்கு வயது 69. அதன்பிறகும் வரைந்துகொண்டே இருந்தார், மொத்தம் 2000-க்கு மேல் படங்கள். எல்லாம் தொடங்கிய இடம், பிழையை அடித்த இடம். என் ஆசிரியரின் சிவப்பு வட்டங்களை நினைத்துக்கொள்கிறேன். நாலு வருடத்தில் எத்தனை வட்டம்! ஒன்றுக்காவது வால் வரைந்து, காது வைத்து, ஒரு பூனையாக்கியிருக்கலாம். தோன்றவில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'லூஸ் ஸ்டைல்' என்று ஒன்று இப்போது பரவலாகக் கிடைக்கிறது. பாதி முடித்த முகம், ஓரத்தில் வழியும் வண்ணம், அங்கங்கே தெறித்த துளிகள். பார்க்க அழகுதான். அதை மாதிரியாக வைத்து, துளி எங்கே தெறிக்க வேண்டும் என்று பென்சிலில் குறித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தெறிக்கவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே செய்தும் இருக்கிறேன். அது பழைய இறுக்கம்தான், உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தளர்ச்சி எப்படித் தெரிய வேண்டும் என்று நீங்கள் மாதிரி காட்டினால் மாணவர்கள் அதையும் அழகாக நகலெடுத்துவிடுவார்கள். அதனால் இந்த இருபது நிமிடத்துக்கு மாதிரிப் படமே வேண்டாம்.

மீதி நேரத்தில் நீங்கள் எப்போதும் கற்றுத்தருவதையே கற்றுத்தாருங்கள். தூரக்காட்சி வேண்டும், நிழல் வேண்டும், எலும்பும் தசையும் வேண்டும். அவற்றை நான் இப்போது, இந்த வயதில், தேடித் தேடிக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்போது வேப்பங்காயாக இருந்தவை இப்போது இனிக்கின்றன. கை சூடாகி, ஏழெட்டுத் தாள் கெட்டு, ஒரு முறையாவது சிரித்து முடித்தவன் நல்ல தாளுக்கு வரும்போது, அதில் போடுவது அன்றைய முதல் கோடாக இருக்காது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

கெட்ட தாள்களை உடனே வீசிவிடாதீர்கள். தேதி மட்டும் போட்டு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு யாரும் திறக்க வேண்டாம், நீங்களும்தான்.

இன்னொன்று, இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். முதல் தாளை நீங்கள் கெடுக்க வேண்டும். மாணவர்கள் பார்க்க, அவர்களுக்கு முன்னால். மறுபடி வரைய ஆரம்பித்த புதிதில், பெரியவர்களுக்கான ஒரு வார இறுதி வகுப்புக்குப் போனேன். பதினைந்து பேர் பலகையும் பென்சிலுமாகக் காத்திருந்தோம். அந்த ஆசிரியை வணக்கம் சொன்னார், ஒரு கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டார், தடித்த மார்க்கரை இடது கையில் எடுத்து, தாளைப் பார்க்காமல் தன் முகத்தை வரைந்தார். ஒரு கண் நெற்றியில் ஏறியிருந்தது. மூக்கு தனியாக, காதுக்கு வெளியே. தூக்கிப் பிடித்து எங்களுக்குக் காட்டினார், தானும் திருப்பிப் பார்த்தார், தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் மூலையில் தேதி போட்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "ம், உங்கள் முறை" என்றார்.

அன்று வகுப்பில் யாரும் பென்சில் சீவவில்லை.

இப்படிக்கு,
ரப்பரைத் தொலைத்துவிட்ட ஒரு பழைய மாணவன்